திணித்த துணி

மில்லிங் மெஷினின் மேசையை நகர்த்தும் லீட் ஸ்குரூவை மருமகன் உருவ உருவ, கருத்த கிரீஸ் சளியாக நீண்டு தொங்குகிறது. ஊசிப்போன எண்ணெய் வாடை அடிக்கிறது. முனைகளில் மரை புதிதுபோல் மினுங்க, நடுப்பகுதி மட்டும் சப்பிப் போட்ட எலும்பாக வழுவழுக்கிறது. ஸ்குரூ ஓடும் நட்டின் பின்னால் விரலை விடுகிறான். மேசையின் ஆட்டம் தெரியாமலிருக்க யாரோ திணித்த துணி, அழுகிய நாக்குபோல் வெளியே வருகிறது. கட்டம் போட்ட துணி. மாமனாருக்கு மகள் எடுத்துக்கொடுத்த சட்டையின் கிழிசல். அவர்தான் இங்கே ஃபோர்மேன். மேசை ஆடி வெட்டு கோணும்போதெல்லாம், "உன் புருஷன் குடிக்கிறான், கை நடுங்குது" என்று மகளிடம் சொல்லி வைத்தவர். அன்றிலிருந்து அவள் இவன் வாயை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சோறு போடுகிறாள்.

"தேயறது சகஜம்தான், மாப்ள. அந்தக் கந்தலக் குப்பையில போடு. புதுசு மாட்டினா உன் கை நடுக்கமும் நின்னுடும்" என்கிறார் மாமனார், பல்லைக் குத்திக்கொண்டே.

மருமகன் காலி டிபன் பாக்ஸைத் திறக்கிறான். துணியைச் சுருட்டி உள்ளே வைத்து, மூடியை அழுத்துகிறான்.

"உங்க மக இன்னைக்கு இத மோந்து பாக்கட்டும், மாமா."