பதினேழாம் நம்பர்

"ஏளா, நாலு மணி வரைக்கும் இந்த ரூமை விட்டு நீ அசையக் கூடாது!"

இறால் கம்பெனி மேனேஜர் லிங்கராஜ் கண்ணாடி அறையை உள்பக்கமாகப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மணி மூன்றரை.

எதிரே வெள்ளைக் கோட்டும் தலைமூடியும் முகமூடியுமாக ஒருத்தி. கண் மட்டும்தான் தெரிந்தது. கோட்டில் 17 என்று எழுதியிருந்தது. அந்தக் கம்பெனியில் பெண்களுக்கு நம்பர்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் மேனேஜருக்கு நாக்கு தேய்ந்துவிடுமாம்!

"சங்கத் தலைவி நாலு மணிக்கு லேபர் ஆபீசுல நேர்ல நிக்கலைன்னா உங்க சங்கம் பதிவாகாது. அதான?"

"தெரிஞ்சுதான பூட்டியிருக்கீய?"

"கொழுப்பப் பாரு! சூப்பர்வைசர் வேலை தாரேன். சங்கத்தை விட்டுரு."

"ஐஸுல கை மரத்துப் போவுது, நல்ல கையுறை குடுங்கன்னுதான கேட்டா சரண்யாதேவி? மறுநாளே வெளிய தள்ளுனீய. அவளைத் திரும்பச் சேக்காம விட மாட்டோம். நூத்திப்பத்து பேரும் இறாலைத் தொட மாட்டோம் சார்!"

லிங்கராஜ் சிரித்தார். "நூத்திப்பத்தும் உன் பின்னால நிக்கும்னு நெனைக்கியோ? 'பதினேழுதான் தலைவி'ன்னு புகார்ப் பெட்டியில சீட்டுப் போட்டதே அதுல ஒருத்திதான்!"

மேனேஜருக்குக் குஷி தாங்கவில்லை. பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி நீட்டினார்.

"முகமூடியைக் கழட்டிட்டுக் குடி."

"உள்ள கழட்டுனா வேலை போயிரும்னு போர்டு வச்சது நீங்கதான?"

"ம்... அந்தப் பயம் இருக்கட்டும்."

நாலே கால் ஆனது. லிங்கராஜ் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

"சங்கத்துக்குச் சங்கு ஊதியாச்சு. போய் வேலையைப் பாரு, பதினேழு!"

அவள் நகரவில்லை. முகமூடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். ஆறிப்போன டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"நான் அமலோற்பவம். என் நம்பர் முப்பத்தொண்ணு. பதினேழு முத்துச்செல்வி என் கோட்டைப் போட்டுக்கிட்டு மூணு மணிக்கே உங்க கேட்டு வழியா லேபர் ஆபீசுக்குப் போயிட்டா."

லிங்கராஜின் கை சட்டைப்பைச் சாவியைத் தடவியது.

"அப்போ... அந்தச் சீட்டு?"

"அதை எழுதுனதும் நான்தான் சார்!"