ஐயா வருகிறார் என்று அடித்த சுண்ணாம்பு

விரிசல் எங்கே என்று அதிகாரி புவனேந்திரன் கேட்டார். என் வீட்டுச் சுவரைக் காட்டக் கையைத் தூக்கிய எங்கள் தோட்டத் தலைவர் முருகையா அப்படியே நின்றுவிட்டார்.

சுவர் வெள்ளை வெளேர் என்று இருந்தது. சுண்ணாம்பு இன்னும் சரியாகக் காயவில்லை.

தேயிலைத் தோட்டத்துக்கு மேலே கல்குவாரி வந்ததிலிருந்து, நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துச் சுவர்கள் பிளந்துகொண்டு வருகின்றன. மேலே வெடி வைத்தால் அடுப்பில் இருக்கும் கேத்தல் ஆடும்.

மீரியபெத்தயில் மலை சரிந்து லயத்தையே மூடியது போல இங்கேயும் நடக்கும் என்று சொல்லி, தலைவர் வீடு வீடாக மனுவில் கையெழுத்து வாங்கினார். ஆறு மாதம் பதுளைக்கும் பண்டாரவளைக்கும் நடையாய் நடந்து இந்த அதிகாரியைக் கூட்டி வந்திருந்தார். அவர் விரிசலைப் படம் எடுத்துக்கொண்டு போனால் குவாரியை நிறுத்திவிடுவார்கள்.

மற்ற வீடுகளில் மெல்லிய கோடுகள்தான். பழைய லயம் அப்படித்தான் இருக்கும் என்று அதிகாரி எழுதிக்கொண்டார். விரல் நுழைகிற விரிசல் என் வீட்டில் மட்டும்தான் இருந்தது.

"ஏம்மா லெட்சுமி, இன்னைக்குத்தானா சுண்ணாம்பு அடிக்கணும்?" என்று தலைவர் என்னைக் கேட்டார்.

"பெரிய ஐயா வர்றாங்கன்னு சொன்னீங்களே. அதான் சுத்தமா இருக்கட்டும்னு அடிச்சேங்க."

யாரும் சந்தேகப்படவில்லை. தோட்டத்துத் துரை வந்தாலும் வோட்டுக் கேட்டு யார் வந்தாலும் லயத்தில் முதலில் சுண்ணாம்புதான் கரைப்போம்.

சுரண்டிக் காட்டட்டுமா என்று தலைவர் கெஞ்சினார். நாமே சுரண்டியதை விரிசல் என்று எழுத முடியாது என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

சுவரைத் தட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் மட்டும் சத்தம் வேறு மாதிரி கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

தலைவர் லயம் முழுக்கக் கேட்கும்படி என்னைத் திட்டினார். மண்டையில் ஒன்றுமில்லாதவள் என்றார். நான் அதிகாரி குடித்த கோப்பையைக் கழுவி வைத்தேன்.

சுண்ணாம்புக்குக் கீழே இரண்டு சட்டி சீமெந்து இருக்கிறது. முந்தின நாள் கதவைச் சாத்திக்கொண்டு நானே குழைத்து அடைத்தேன்.

தலைவர் திட்டிக்கொண்டிருந்தபோதும் மலையில் கல் துளைக்கும் மெஷின் சத்தம் கேட்டது. அதைப் பிடித்திருப்பவர் என் வீட்டுக்காரர். குவாரி வருவதற்கு முன்னால், தேயிலையில் வாரம் மூன்று நாள் மட்டும் வேலை கொடுத்தபோது எங்கள் வீட்டில் என்ன வெந்தது என்று யாரும் எந்த மனுவிலும் எழுதவில்லை. ஆனாலும் தலைவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கே மகள் விதுஷாவின் பாயை அந்தச் சுவரோரம் இருந்து எடுத்து வாசல் பக்கம் போட்டேன்.

ஏன் என்று வீட்டுக்காரர் கேட்டார். உடம்பில் சுண்ணாம்பு ஒட்டிக்கொள்ளும் என்றேன்.

சுவர் காய்ந்து ஒரு மாதம் ஆகிறது. பாயை இன்னும் பழைய இடத்தில் போடவில்லை.