லண்டன் கூரை

1974 தை மாதம். கொழிஞ்சாம்பாறையில் பட்டறை வைத்திருந்த குப்பண்ணனின் வீட்டு வாசலில், கூரையை மடக்கித் திறக்கும் பழைய மோரிஸ் கார் வந்து நின்றது.

“லண்டன் கம்பெனியிலயே இப்படி மாத்துன வண்டிங்க. இந்தியாவுலயே ரெண்டோ மூணோதான் இருக்குது” என்றார் தரகர்.

“நீயே பாரு கண்ணு” என்றார் குப்பண்ணன், மகளிடம்.

பட்டறையிலேயே வளர்ந்த மயிலாத்தாள், கார்க் கதவைத் திறந்து கால் விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள்.

“லண்டன் வேலை இல்லீங்ப்பா. மூடுன வண்டியோட கூரையை நம்ம பக்கத்துலதான் வெட்டியிருக்காங்க. அடியில பழைய லாரி இரும்பு வெச்சுப் பத்த வெச்சிருக்குது.”

தரகரின் முகம் வெளுத்தது. காரை ஓட்டி வந்த ஆறுச்சாமி சிரித்துவிட்டான்.

“நெசந்தானுங்க. நாந்தான் வெட்டுனேன். இவரு லண்டன் கதை உட்டது எனக்கே இப்பத்தான் தெரியுங்க.”

குப்பண்ணன் மகளைத் தனியே அழைத்தார். “ஏங்கண்ணு, சொன்னதே பொய்யின்னு ஆயிப்போச்சு. வேண்டாம்னு சொல்லி அனுப்பிடட்டுமா?”

“ஐயோ, வேண்டாங்ப்பா! அவரு மறைக்காம ஒத்துக்கிட்டாருல்ல? வேலையும் சுத்தமா இருக்குது.”

“அப்ப என்ன பண்ணச் சொல்றே?”

மயிலாத்தாள் முகம் சிவந்து தலைகுனிந்தாள்.

“பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளையை எத்தன நேரந்தான் வாசல்லயே நிறுத்தி வெப்பீங்க? உள்ள கூப்பிடுங்ப்பா.”