வராத குழந்தைகள்

பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவரைத் தெருவரைக்கும் துரத்திக்கொண்டு போய், "ஏன் எழுந்தீங்க?" என்று கேட்கிற ஆளை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?

குழந்தைகள் ஆராய்ச்சி நிலையத்தில் கணக்கக்காவைப் பற்றியும் அதையேதான் சொன்னார்கள். வேலையத்தவள்.

மருத்துவப் புள்ளிவிவரம் பார்ப்பதுதான் அவள் வேலை. எந்த மருந்து எத்தனை குழந்தைக்குக் கேட்டது, எத்தனை பேருக்குக் கேட்கவில்லை என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.

இந்த முறை ரத்தச் சோகைக்குப் புது சிரப். விடாமல் குடித்த குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ரத்தம் ஏறியிருந்தது. பெரிய டாக்டருக்கு முகமெல்லாம் பல்.

"அறிக்கையில கையெழுத்துப் போடும்மா. அடுத்த மாசத்துல இருந்து எல்லாக் குழந்தைக்கும் இதே சிரப்தான்."

"பாதியில நின்னுட்ட குழந்தைங்க கணக்கு எங்க சார்?"

"அவங்கதான் வரலையே."

"அதான் சார், ஏன் வரலை?"

"பொறுப்பில்லாத அம்மாங்க. சீரியல் பார்க்க நேரமிருக்கும், மருந்து ஊத்த நேரமிருக்காது. விடு. நாலு பேர் வராட்டி ஆராய்ச்சி ஒண்ணும் கெட்டுப்போகாது."

"நாலு பேர் இல்ல சார். மூணுல ஒரு பங்கு."

"நீ கணக்குப் போடத்தானே வந்திருக்கே?"

"அதைத்தான் சார் போடுறேன். தட்டை வழிச்சுச் சாப்பிட்டவங்களை மட்டும் கேட்டா, சமையல் பிரமாதம்னுதான் சொல்வாங்க. எழுந்து போனவங்களையும் கேட்கணும்ல?"

பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

மறுநாளே நிலையத்து நர்ஸம்மாவை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். கணக்கக்காவிடம் இருந்ததெல்லாம் வெறும் எண்கள். குழந்தையின் பெயரும் விலாசமும் நர்ஸம்மாவுக்குத்தான் தெரியும்.

முதல் வீட்டில் கதவைச் சாத்தினார்கள். அடுத்த வீட்டில் நாய் துரத்தியது.

"நாய்க்கும் பதில் சொல்ல இஷ்டமில்லை போல" என்றாள் கணக்கக்கா. அரை மணி கழித்து மறுபடி போய் அதே கதவைத் தட்டினாள்.

எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான். "திட்ட வரலைங்க. இஷ்டமிருந்தா மட்டும் சொல்லுங்க. மருந்தை ஏன் நிறுத்தினீங்க?"

திட்ட வரவில்லை என்றதும் வாய் திறந்தார்கள்.

"குடிச்ச கையோட வாந்திங்க."

"எங்க வீட்லயும் வாந்திதான். சொல்லலாம்னு வந்தேன். டாக்டர் கத்துவாரேன்னு வாசலோட திரும்பிட்டேன்."

"என் மாமியார், நான் ஊத்துற லட்சணம் சரியில்லைன்னாங்க. அவங்க ஊத்தினப்போ பையன் அவங்க புடவை மேலயே வாந்தி எடுத்தான். அன்னைக்கே பாட்டில் குப்பைக்குப் போயிடுச்சு."

வார இறுதிக்குள் நர்ஸம்மாவின் இடுப்பு கழன்றே போயிற்று. கடைசிக் குழந்தையைத் தேடிப் போனால், அது குழந்தையோட அம்மாவைப் பெத்த பாட்டி வீடாம். "அவ குழந்தையோட மாமியார் வீட்டுக்குப் போயிட்டாளே" என்று வேறு விலாசம் சொன்னார்கள்.

"போதும்மா. ஒரு குழந்தைதானே பாக்கி, விட்டுத் தொலை."

"அதுவும் குழந்தைதானே நர்ஸம்மா. ஏறுங்க."

புது விலாசத்தின் கேட்டுக்குள் நின்ற காரைப் பார்த்ததும் நர்ஸம்மா கணக்கக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இது நம்ம பெரிய டாக்டர் வீடு. வண்டியைத் திருப்பு, வேலைக்கே வேட்டு வச்சிடாதே."

கணக்கக்கா ஒரு நிமிஷம் காரையே பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வராத குழந்தை எந்த வீட்ல இருந்தா என்ன?" என்று சொல்லி அழைப்பு மணியை அழுத்தினாள்.

இடுப்பில் குழந்தையோடு மருமகள் கதவைத் திறந்தாள்.

"திட்ட வரலைங்க. இஷ்டமிருந்தா மட்டும் சொல்லுங்க. மருந்தை ஏன் நிறுத்தினீங்க?"

மருமகள் உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கதவைப் பாதி சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரே வாந்திக்கா. எங்க மாமாதான் பயந்துபோய், 'பாட்டிலைத் தூக்கிப் போடும்மா, நாலு பேர் வராட்டி ஆராய்ச்சி ஒண்ணும் கெட்டுப்போகாது'ன்னாரு. நீங்க கணக்குல சேர்த்துக்கோங்க... நான் சொன்னேன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க."