பெத்தவன் உரிமை

"கோர்ட்டு சொன்னதையே மதிக்காதவ, வேற யாரு சொல்லி மதிக்கப் போறா?"

செவிலிமேட்டில் அந்த வீட்டு கேட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டே மேரி போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர்கள்கூட எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஓசியில் சண்டை பார்க்க யாருக்குக் கசக்கும்?

கேட்டுக்கு உள்ளே சுகாசினி நின்றிருந்தாள். அவளுடைய துப்பட்டாவைப் பிடித்தபடி ஆறு வயது மகள் அபிநயா.

"புள்ளைய அனுப்ப முடியாது. போயிடுங்க அண்ணி."

"அண்ணியாம். வெக்கமா இல்ல? வாராவாரம் ஞாயித்துக்கிழமை புள்ளைய அப்பன்கிட்ட கொண்டாந்து காட்டணும்னு ஆர்டர் போட்டிருக்குது. மூணு வாரமா வரல. என் தம்பி ஜோசுவா எழுந்து நடந்து வந்தா கேக்கப் போறான்னு தைரியமா உனக்கு?"

சத்தம் கேட்டு மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா ரேணுகாம்பாள் இறங்கி வந்தார்.

"யாரும்மா நீ? வீட்டு வாசல்ல வந்து மானத்த வாங்கறியே."

மேரிக்கு ஆள் கிடைத்துவிட்டது.

"நீங்களே நியாயம் சொல்லுங்கம்மா. திருவிழாவுக்கு சீரியல் லைட்டு கட்டப் போன எடத்துல ஏணியிலருந்து உழுந்துட்டான் என் தம்பி. கழுத்துக்குக் கீழ ஒண்ணும் அசையாது. பேச்சும் போச்சு. ஆனா காது கேக்குது, எல்லாம் புரியுது. அப்படிப்பட்டவன டைவர்ஸ் பண்ணிட்டு வந்துட்டா இவ. என் வீட்டுல வெச்சி நான்தான் பாத்துக்கறேன்."

ரேணுகாம்பாள் திரும்பிப் பார்த்தார். "நெசமா சுகாசினி?"

"நெசம்தான்மா. என்னால முடியல, வந்துட்டேன். கோர்ட்டுலயும் அதத்தான் சொன்னேன்."

தெருவில் யாரோ 'ச்சீ' என்றார்கள். புருஷனை விட்டுவிட்டு வந்தவள் என்று தெரிந்துவிட்டால் போதும், அப்புறம் ஆளாளுக்கு ஜட்ஜுதான்.

"கை கால் வராதவன்கிட்ட கொழந்தைய எப்படி நம்பி உடறதுன்னு வக்கீலுங்க கேட்டாங்கம்மா" என்றாள் மேரி. "பாக்கறதுக்குக் கண்ணு இருக்குதே சார்னு நான்தான் கேட்டேன். மனுவுல அவன் கையப் புடிச்சி நான்தான் ரேகை வெச்சேன். பெத்தவன் உரிமைம்மா அது. அதக்கூட இவ புடுங்கிக்கினா எப்படி?"

ரேணுகாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தம்மா கேக்கறதுல என்ன தப்பு? ஜெயில்ல இருக்கறவனுக்கே புள்ளையக் கூட்டிப்போய்க் காட்டறாங்க. ஏன் அனுப்பல?"

"கோர்ட்டுல சொல்லிக்கிறேன்மா."

"இங்கதான் சொல்லேன்."

"நாலு பேரு நடுவுல வெச்சி அவரப் பத்திப் பேச மாட்டேன்."

"அவரு, இவருன்னு மரியாதைக்கு மட்டும் கொறைச்சல் இல்ல" என்று மேரி பல்லைக் கடித்தாள். "எடுத்துச் சொல்லுங்கம்மா. புள்ளைக்கு நான் என்ன கொறை வெச்சேன்? வந்தவொடன பட்டுப் பாவாடை கட்டி, தலை நெறைய பூ வெச்சி, கூடத்துல ராணியாட்டம் உக்கார வெப்பேன். பிள்ளையார்பாளையத்துல வந்து கேட்டுப் பாருங்க. கல்யாணப் பட்டு எடுக்க எங்க வீட்டுக்கு வர பார்ட்டிங்க எல்லாரும் யாருமா இந்தப் புள்ளை, இதே மாதிரி பட்டு இருக்குதான்னு ஆசையா கேட்டுட்டுத்தான் போவாங்க."

இதற்குமேல் ரேணுகாம்பாளுக்குப் பொறுக்கவில்லை.

"கேட்டுக்கோ சுகாசினி. இன்னிக்கிப் புள்ளைய அனுப்பலன்னா நீயும் வேற வீடு பாத்துக்க. இப்படிக் கல்நெஞ்சா இருக்கறவங்க எனக்கு வேணாம்."

சுகாசினி மகளை இழுத்து அணைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றாள். குற்றவாளிதான் இப்படி நிற்பாள் என்று தெரு முடிவே கட்டிவிட்டது.

ரேணுகாம்பாள் குழந்தையின் முன்னால் குனிந்தார்.

"கண்ணு, அம்மா என்ன சொல்லிக் குடுத்திருந்தாலும் பரவால்ல. நீ ஆன்ட்டிகிட்ட சொல்லு. உனக்கு அப்பாவப் பாக்க ஆசையில்லியா?"

"அபி, நீ உள்ள போ" என்றாள் சுகாசினி அவசரமாக.

"ஏன் தடுக்கற? புள்ள பேசட்டும்" என்றாள் மேரி.

அபிநயா அம்மாவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு ரேணுகாம்பாளிடம் சொன்னாள்.

"ஆசைதான் ஆன்ட்டி. அங்க போறப்பல்லாம் அத்தைகிட்ட கேப்பேன்."

"கேட்டா?"

"பொடவை எடுக்க ஆளுங்க வந்துக்கினே இருப்பாங்களா, அப்பா ரூமு கதவத் தொறந்தா நாத்தம் அடிக்கும், அடுத்த வாரம் பாக்கலாம்னு சொல்லுவாங்க. இன்னும் ஒரு வாட்டிகூடக் காட்டல."

கேட்டைப் பிடித்திருந்த மேரியின் கை தானாக விலகியது.

"சும்மா சொல்லுதும்மா. புள்ளைக்கு என்ன தெரியும்..."

"இல்ல ஆன்ட்டி, நெசம்" என்றாள் அபிநயா. "என் குரலக் கேட்டா அப்பா உள்ளேருந்து சத்தம் போடுவாரு. அத்தை ஓடிப் போயி டிவி சவுண்ட ஏத்திடுவாங்க."