ஆறு மணி பத்து நிமிடம்

“பன்னிரண்டாம் நம்பர் படத்தைக் கழட்டச் சொன்னேன். திரும்ப மாட்டிட்டு இருக்கீங்க?”

ஆலை மேலாளர் வாசலிலேயே நின்றுவிட்டார். நூலகத்தின் மாடிக் கூடத்தில், ஏணியின் மூன்றாம் படியிலிருந்து படச் சட்டக்கடை அம்மாள் திரும்பிப் பார்த்தார். இடது கையில் சுத்தியல்.

“கோணலா இருந்துச்சு சார். இப்ப நேரா இருக்கு.”

கண்காட்சி நான்கு மணிக்குத் தொடக்கம். மணி மூன்று இருபது. நாற்பது வருடங்களுக்கு முன் அந்த ஆலையையும் அதன் ஆட்களையும் விடாமல் படமெடுத்து, பெட்டி பெட்டியாக விட்டுப்போன ஒரு புகைப்படக்காரரின் கறுப்பு வெள்ளைப் படங்கள் முப்பது. எல்லாவற்றுக்கும் கண்ணாடி வெட்டிச் சட்டம் போட்டவர் இந்த அம்மாள்தான். காலையிலிருந்து பன்னிரண்டாம் படத்தை நூலகர் இரண்டு முறை இறக்கிவிட்டார். இவர் இரண்டு முறை ஏற்றிவிட்டார்.

மேலாளர் நூலகரைப் பார்த்தார். நூலகர் மின்விசிறியைப் பார்த்தார். அது ஆலை கொடுத்தது.

“கேட்டுக்குப் பின்னாடி பொம்பளைங்க நிக்கிறாங்க. வெளிய வாட்ச்மேன் உக்காந்திருக்கார். இதுல என்ன இருக்குன்னு இவ்வளவு பிடிவாதம்?”

“ஒண்ணும் இல்லாத படத்தைக் கழட்டவா சார் மாடி ஏறி வந்தீங்க?”

அம்மாள் இறங்கி வந்து, கண்ணாடியில் விரல் படாமல் ஒவ்வொன்றாகக் காட்டினார். படத்திலிருந்த சுவர்க் கடிகாரத்தில் ஆறு பத்து. வேலை ஆறுக்கு முடிந்துவிட்டது. எல்லார் கையிலும் காலிச் சாப்பாட்டுப் பாத்திரம். ஒரு பெண் கம்பி வழியாகக் கையை நீட்டிச் சிரிக்கிறாள். சங்கிலியும் பூட்டும் வெளிப்பக்கம். படத்தின் பின்புறம் புகைப்படக்காரர் தேதி எழுதியிருந்தார். அன்று ஆறரைக்குத் தீப்பிடித்தது. பதினோரு பேர் பலி. கேட் திறந்துதான் இருந்தது என்று ஆலை இன்றுவரை சொல்லிவருகிறது.

“தீயை யார் வேணாலும் எடுப்பாங்க. ஐயோ பாவம்னு பாத்துட்டு நாமளும் வீட்டுக்குப் போயிடுவோம். இவர் பூட்டை எடுத்திருக்கார். சாவி வாட்ச்மேனோட இடது கையில இருக்கு. அவர் கண்ணு எங்க போகுது பாருங்க. மாடி ஆபீஸ் ஜன்னலுக்கு. அங்க ஒருத்தர் கோட்டு போட்டு நிக்கிறார். பூட்டினவரையும் பூட்டச் சொன்னவரையும் ஒரே படத்துல உக்கார வச்சிட்டுப் போயிட்டார்.”

“அது வெறும் நிழல்.”

“நிழல் கோட்டு போடுமா சார்?”

நூலகர் இருமிச் சிரிப்பை மறைத்தார். மேலாளருக்கு முகம் சிவந்துவிட்டது.

“உங்க வீட்டாளுங்க யாராவது உள்ள மாட்டிக்கிட்டாங்களா?”

“இல்ல. உள்ள யாரும் இல்ல.”

“அப்புறம் உங்களுக்கு என்ன வந்துச்சு?”

ஆலையின் பாராட்டுப் பத்திரங்கள் எல்லாம் இத்தனை வருடமாக அவர் கடைக்குத்தான் சட்டம் போட வருகின்றன, இனி வராது என்றார் மேலாளர். வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, அம்மாள் துணியால் கண்ணாடியை ஒருமுறை துடைத்தார்.

மேலாளர் குரலைத் தணித்துக்கொண்டார். ஆலையை விடுங்கள், அந்த வாட்ச்மேனை நினைத்துப் பாருங்கள் என்றார். அவருக்கும் பிள்ளைகுட்டி இருந்திருக்கும். ஊரே கூடி அவர் முகத்தைப் பார்த்துக் காறித் துப்பினால் அந்தக் குடும்பம் எப்படித் தலைநிமிர்ந்து நடக்கும்? அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

நூலகருக்கு உயிர் வந்தது. விதிப் புத்தகத்தைப் புரட்டினார். முகம் தெரிகிற ஒருவர்மேல் பழி விழும் படமானால் அந்த நபரோ, இறந்திருந்தால் நெருங்கிய வாரிசோ எழுதிக் கொடுக்கவேண்டும்.

“கையெழுத்து வந்தா நானே ஆணி அடிக்கிறேம்மா. வராட்டி இறக்கித்தான் ஆகணும்.”

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “எப்பவோ செத்துப்போன வாட்ச்மேனோட வாரிசை இன்னும் அரை மணியில எங்க போய்த் தேடுவீங்க?”

“படிவத்தைக் குடுங்க,” என்றார் அம்மாள்.

வாங்கிக்கொண்டு வெளியே கிளம்புவார் என்று இருவரும் நினைத்தார்கள். அவர் மேசைமேல் அதை வைத்து, சுத்தியல் பிடித்த கையாலேயே பேனாவை எடுத்து, நின்றபடி நிதானமாக நிரப்பினார். நூலகர் வாங்கிப் படித்தார். பிறகு அதை மேலாளர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுச் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.

‘படத்தில் இருப்பவருக்கு என்ன உறவு’ என்ற இடத்தில், கோடு தாண்டாமல் எழுதியிருந்தது: மகள்.