குளத்துச் சாவி

"எந்தப் புண்ணியவான்டா குளத்தைப் பூட்டினது? என் கன்னு நாக்கு வறண்டு கிடக்குது!" என்று கத்திக்கொண்டே எருமை குளத்து ஆபீசுக்குள் நுழைந்தது. "ஏன் பூட்டினீங்கன்னு எழுதி வச்சிருப்பீங்கல்ல, அதைக் காட்டு."

குமாஸ்தா நரி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "அது அதிகாரிங்க தங்களுக்குள்ள எழுதிக்கிட்ட கடிதம்மா. ரகசியம்."

"முழுசா வேண்டாம்யா, பாதி காட்டு. சரி, கால்வாசி?"

பேரம் தாங்காமல் நரி கடிதத்தை எடுத்தது. ரகசிய வரிகள்மேல் எல்லாம் மையைக் குழைத்துப் பூசி நீட்டியது. மிஞ்சியது 'வணக்கம்', 'நன்றி' இரண்டும்தான்.

"வணக்கத்தைக் குடிச்சா தாகம் தீருமா? இந்த ஈரமாவது கிடைக்கட்டும்" என்று எருமை அந்தக் காயாத மையை ஒரே நக்காக நக்கியது. அடியில் காய்ந்திருந்த பழைய எழுத்து வெளியே வந்தது.

'சாவியைத் தொலைத்துவிட்டேன். கிடைக்கும்வரை பராமரிப்பு வேலை என்று பலகை மாட்டு.'

நரி பாய்ந்து கையெழுத்தை மட்டும் வாலால் மூடியது. "பேரு ரகசியம்!"

எருமை அதிகாரி இருந்த உள்ளறைக் கதவைப் பார்த்து உறுமியது. "ஐயா, உன் பேரை நீயே வச்சுக்கோ, எனக்கு வேண்டாம். எழுந்து வந்து பூட்டை உடை!"